மைக்கில் ஒரு கோளாறும் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடம், கதவு மூடாத லிஃப்ட். கதவு ஓடுகிற தடத்தில் யாரோ ஒரு குழந்தையின் ஹேர்கிளிப் சிக்கியிருந்தது. எடுத்ததும் சமத்தாக மூடிக்கொண்டது. எல்லாக் கோளாறும் இப்படி இருந்துவிட்டால் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வீட்டில் மைக் இன்றும் கட் ஆனது. மூக்கிக்குக் காந்தம் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனையும் சொல்லி முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்றால், "நடுவுல கட் ஆயிடுச்சுப்பா" என்கிறாள்.

"எங்கேர்ந்து கட் ஆச்சு?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

ஆரம்பத்திலிருந்தே கட் ஆனதற்குப் பெயர் நடுவிலா?

மூக்கிக்குப் பிறந்ததிலிருந்தே காது மந்தம். என் மூக்கு அவளுக்கு வந்ததால் இந்தப் பெயர்; பதினான்கு வயதாகியும் வீட்டில் இதுதான் நிலைத்தது. இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி உண்டு. அது போதாமல் இரண்டு மாதம் முன்பு இந்த மைக்கையும் வாங்கினோம். பேசுகிறவர் சட்டைக் காலரில் குத்திக்கொண்டால் போதும், கம்பியில்லாமல் குரல் நேராக அவள் காதுக்குள் போகும். முதுகைக் காட்டிப் பேசினாலும் கேட்கும். முதல் வாரம் வீடே கலகலத்தது. நான் மாடிப்படியில் நின்று ரகசியமாக "மூக்கி" என்பேன், உள்ளேயிருந்து "என்னப்பா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்.

யார் கண் பட்டதோ.

மார்ச் 5, வியாழன்

சார்ஜ் முழுதாக இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் நடுவில் மேஜை மட்டும்தான். அப்படியும் கட்.

மார்ச் 8, ஞாயிறு

கோளாறு கண்டுபிடிக்கிற வேலையில் ஒரு சட்டம் உண்டு: ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா, மிஞ்சுவதுதான் திருடன்.

முதலில் வைஃபை பெட்டி. அது ஹாலில் இருந்தது, கழற்றிக் குளியலறைப் பரணில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது, இன்டர்நெட்டும் குளிச்சிட்டு வரட்டும்" என்றாள். பிறகு இரும்பு அலமாரியைச் சுவரோரம் தள்ளினேன். மேல்வீட்டுக்காரரிடம் போய், கொஞ்ச நேரம் உங்கள் வைஃபையை அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். கிட்னியைக் கழற்றிக் கொடு என்று கேட்ட மாதிரி என்னைப் பார்த்தார். அணைத்தார். பலன் இல்லை.

மாலையில் மனைவி மைக்கைக் குத்திக்கொண்டு அடுப்படியிலிருந்து பேசிப் பார்த்தாள். ஒரு வார்த்தை தவறவில்லை. பள்ளியில் இதே மைக்கைக் குத்திக்கொள்கிற கணக்கு டீச்சருக்கும் போன் செய்து கேட்டேன். "கிளாஸ்ல ஒரு பிரச்சனையும் இல்லயே சார், நல்லாதான் பதில் சொல்றா" என்றார்.

அப்படியானால் மைக் என் காலரில் இருந்தால் மட்டும் கட் ஆகிறது. கோளாறு என் உடம்பிலா?

"தொப்பை மறைக்குதோ என்னவோ" என்றாள் மனைவி. மூக்கி சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது இப்போதுதான் என்று தோன்றியது.

மார்ச் 11, புதன்

போன், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பாடம் சொன்னேன். இனிக் கழற்ற மானம்தான் பாக்கி. கட்.

மார்ச் 14, சனி

மைக் வாங்கிய கடைக்கு மூக்கியையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே காது சோதிக்கிற பெண் பொறுமைசாலி. மைக்கைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்ச்சாரியில் இருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனாள். மூக்கி உள்ளே உட்கார்ந்து அப்படியே திருப்பிச் சொன்னாள். தையல் கடை, சாவி நகல், பல் மருத்துவர், ஒன்றுவிடாமல்.

"மைக்ல ஒண்ணும் இல்ல சார்."

"இல்லாமலா ரெண்டு வாரமா கட் ஆகுது?"

"நீங்க பேசறப்போ மட்டும்னு சொல்றீங்க. அது மைக்கோட பிரச்சனையா இருக்க வாய்ப்பில்ல சார்."

"அப்ப என்ன சொல்ல வர்றீங்க? என் பொண்ணு பொய் சொல்றாளா?"

குரல் ஏறிவிட்டது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மூக்கியைப் பார்த்தாள். மூக்கி தரையைப் பார்த்தாள். கடைசியில் மேலாளர் வந்து புது மைக்கை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

வரும் வழியில் "பாத்தியா, கேட்டாதான் கிடைக்கும்" என்றேன். "ம்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று நினைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

புது மைக்கும் கட்.

மார்ச் 21, சனி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒரு அலுவலகக் கட்டிடத்தில் சின்ன வேலை, மூக்கியையும் கூட்டிப் போனேன். லிஃப்ட்டின் மோட்டார் அறையைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். நாங்கள் இருவர் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தோம். நான் கதவைப் பார்த்து நின்று பொத்தான்களைச் சோதித்துக்கொண்டே, கூண்டு ஏறும்போது மறுபக்கம் ஒரு எடை எப்படி இறங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். காலரில் மைக். புதிதாகப் போட்ட எவர்சில்வர் கதவு, கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் எனக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது.

நான் வாயைத் திறந்த உடனே அவள் கை மேலே போனது. முடியை ஒதுக்குகிற மாதிரி காதுக்குப் பின்னால் போனது. ஒரு விரல் அமுத்தியது. கை இறங்கியது.

கருவியில் அங்கேதான் மைக்கை நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது.

நான் நிறுத்தவில்லை. அதே குரலில், கையை ஆட்டி ஆட்டி, "மேல ஒரு யானை உக்காந்திருக்கு, அதுக்கு இன்னிக்கு ஜுரம், அதான் லிஃப்ட் மெதுவா போகுது" என்றேன். கதவுக்குள் தெரிந்த மூக்கி தலையாட்டினாள். யானைக்குக் கஷாயம் கொடுத்தேன், கம்பளி போர்த்தினேன். அதற்கும் தலையாட்டினாள். எல்லாம் புரிந்த மாதிரி முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு வைத்திருந்தாள்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பாடம் சொல்லும்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூக்கி தோழி வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை மேல்வீடு வரைக்கும் அலையவிட்ட?"

"நீங்களாவே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பாத்தேன். அவளும் சொல்லக் கூடாதுன்னா. ஆனா கடையில போய் கத்திட்டு வந்தீங்க பாருங்க, அன்னிக்காவது நான் சொல்லியிருக்கணும். ராத்திரியெல்லாம் அழுதா."

"ஏன் ஆஃப் பண்றா? நான் என்ன பண்ணேன்?"

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "உச்சுக் கொட்டறீங்களாம்."

"நான் எங்க உச்சுக் கொட்டறேன்? ச்சு!"

சொல்லி முடிக்கும்போதே அது வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

மூக்கி தன்னிடம் சொன்னதை மனைவி அப்படியே சொன்னாள்: "அப்பா திருப்பிச் சொல்றப்போ முன்னாடியெல்லாம் எனக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரியும். இப்ப அதுக்கு முன்னாடி வர்ற ச்சுவும் கேக்குது, பெருமூச்சும் கேக்குது. நேரா காதுக்குள்ளயே கேக்குது."

பதினாலு வருஷம். ஒவ்வொரு வார்த்தைய நான் திருப்பிச் சொன்னப்பவும் இதோடதான் சொன்னேனா? பேர் சொல்லிக் கூப்பிடறப்பவும்? தெரியலயே. எனக்குத் தெரியவே தெரியலயே. ஒரு பிள்ளைக்கு முதல்முதலா அப்பா குரல் முழுசா கேக்குது, அதுல கேட்டது இதுவா?

மார்ச் 24, செவ்வாய்

மைக்கை மேஜையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுடு மூக்கி. எனக்குத் தெரியாம வந்துடுது."

"பரவால்லப்பா. நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியும்."

"தெரியும்ல? அப்புறம் ஏன் ஆஃப் பண்ற?"

பென்சிலைச் சுழற்றினாள். "வேணும்னு பண்ணா சண்டை போடலாம்பா. தானா வருதுன்னா நான் என்ன பண்றது?"



மார்ச் 29, ஞாயிறு

இனி மூச்சுக்கூடக் கேட்காமல் பேசுவது என்று முடிவு செய்து மைக்கைக் குத்திக்கொண்டேன். பேசினேன். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. "அப்பா, எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் தெம்பு வந்தது.

பிறகு ஒரு கணக்கு. முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. திருப்பிச் சொன்னேன். மறுபடி புரியவில்லை. நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, நெஞ்சுக்குள் மூச்சை அடக்கி, இன்னொரு தடவை சொல்லப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊசி குத்தப் போகிறார்கள் என்று தெரிந்த குழந்தை மாதிரி.

சத்தம் வரவில்லை. ஆனால் அவள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வந்து என் காலரிலிருந்து மைக்கை அவளே கழற்றினாள். "போதும்பா. எழுதிக் காட்டுங்க, புரிஞ்சுக்கறேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

ஏப்ரல் 2, வியாழன்

கூட வேலை பார்க்கிறவனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், நான் உச்சுக் கொட்டுகிற ஆளா என்று.

"என்னண்ணே புதுசா கேக்கறீங்க? ஸ்குரு கழட்ட ஒண்ணு, மாட்ட ஒண்ணு. உங்க உச்சைக் கேட்டுதான் லிஃப்ட் எவ்ளோ மோசம்னு நான் முடிவு பண்றேன்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

மைக் கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம், அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எதனால் என்றும் சொன்னேன். "விடுங்க சார், இங்க வர்ற அப்பாங்க மெஷினைத்தான் திட்டுவாங்க, எங்களுக்குப் பழக்கம்" என்றாள். கிளம்பும்போது, "பாப்பா எப்படி இருக்கா?" என்றாள். "நல்லா இருக்கா" என்றேன். இருக்கிறாளா?

ஏப்ரல் 26, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவும் பெண்ணும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

வெளியூரில் ஒரு பள்ளி இருக்கிறதாம். காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. பாடம் பாதி பேச்சில், பாதி சைகை மொழியில். போன மாதம் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று போனார்களே, அப்போது வழியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மூக்கிக்கு அங்கே சேர வேண்டும்.

"என்கிட்ட ஏன் முதல்லயே சொல்லல?"

மனைவி மூக்கியைப் பார்த்தாள். மூக்கி சொன்னாள், "சொன்னா நீங்க உடனே ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சிடுவீங்கப்பா. வேற மைக், வேற கருவி, வேற டாக்டர்னு."

"நல்லா கேக்கணும்னுதானே?"

"எனக்கு நாள் பூரா கேட்டுக் கேட்டே தலை வலிக்குதுப்பா. யாரு என்ன சொன்னாங்கன்னு கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கணும். தினம் சாயங்காலம் வலிக்கும். அன்னிக்கு அங்க மத்தியானம் பூரா அவங்ககூட இருந்தேன், வலிக்கவே இல்ல. எனக்குக் கொஞ்சம்தான் கை பேச வரும், அவங்களே பொறுமையா சொல்லித் தந்தாங்க."

தினமும் தலைவலி. அதுவும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்வாளே, சோம்பேறி என்று நான் கேலி செய்தேனே.

வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. என் வாயின் லட்சணம் எனக்கு இப்போது தெரியும். "சரி" என்று மட்டும் சொன்னேன்.

மே 17, ஞாயிறு

ஒரு விஷயம் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் உச்சுக் கொட்டியது அவளிடம் சலித்து இல்லை. எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்றுதான். இதை அவளிடம் சொன்னால் நம்புவாளா? நானே முழுதாக நம்புகிறேனா? சில நாள் சலிப்புதான். வேலை முடிந்து வந்த சில நாட்களில் வெறும் சலிப்புதான். இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 7, ஞாயிறு

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம்.

சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள். தட்டுச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், அங்கங்கே ஒரு சிரிப்பு. மற்றதெல்லாம் கைதான். ஒரு பெண் வந்து மூக்கியிடம் ஏதோ கேட்டாள். மூக்கி தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னாள், தப்பாகச் சொல்லியிருப்பாள் போல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாரும் ஒரே சீருடை. கூட்டத்தில் தேடித் தேடி, கடைசியில் மூக்கை வைத்துத்தான் என் பெண்ணைக் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்கு வந்து வைஃபை பெட்டியைக் குளியலறையிலிருந்து இறக்கி, பழைய இடத்தில் வைத்தேன்.

ஜூன் 11, வியாழன்

சமூகக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் சைகை மொழி வகுப்பு. மனைவி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாள், நானும் இன்று சேர்ந்தேன். வகுப்பில் நான்தான் மக்கு. இத்தனை வருடம் ஸ்பேனர் பிடித்த விரல், தனித்தனியாக மடங்க மாட்டேன் என்கிறது. கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்கும் காது கேட்காது. ஒரே அசைவை மூன்றாவது தடவையும் தப்பாகச் செய்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்து, வழக்கம்போல உச்சுக் கொட்டிவிட்டேன். இங்கே யாருக்குக் கேட்கப் போகிறது என்று ஒரு நிம்மதி.

அந்தப் பெண் உடனே என் அருகில் வந்தாள். என் புருவத்தைக் காட்டினாள், கன்னத்தைக் காட்டினாள், பிறகு பலகையில் எழுதினாள்: 'முகமும் பேசும். கோபம் வேண்டாம்.'

அப்படியென்றால் அது வாயில் மட்டும் இருந்ததில்லை. மைக் வருவதற்கு முன்பும் மூக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

ஜூன் 28, ஞாயிறு

மனைவி வேலை செய்கிற மருந்துக்கடையில் இன்று ஆள் இல்லையென்று கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து மூக்கி வீடியோ காலில் வந்தாள். தலை ஈரமாக இருந்தது. காதில் கருவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே நிறையப் பேர் போட்டுக்கொள்வதில்லையாம்.

அம்மா இல்லை என்று கையால் சொல்ல எனக்கு வராது. போனைத் திருப்பி வெறும் அடுப்படியைக் காட்டினேன். புரிந்துகொண்டாள்.

வகுப்பில் பயிற்சி செய்திருந்த ஒரே வாக்கியத்தைச் செய்தேன்: சாப்பிட்டியா? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டைவிரலை உள்ளே மடிக்க வேண்டுமாம், செய்து காட்டினாள். மடித்துச் செய்தேன். தலையாட்டினாள். பிறகு பதில் சொன்னாள். 'சாப்பிட்டேன்' என்பதைவிட நீளமான பதில். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அது தவிர 'மறுபடி' என்கிற ஒரு சைகை மட்டும் எனக்குத் தெரியும். கேட்டேன். மறுபடி சொன்னாள், மெதுவாக, அவசரப்படாமல். அப்போதும் புரியவில்லை. டைப் செய்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அதற்குள் அவளுக்குப் பின்னால் இருந்த விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அங்கே மணி அடிப்பது அப்படித்தான். கை அசைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வலது கை நெஞ்சில் தொட்டு வெளியே வந்தது. பிறகு இரண்டு கையும், விரல்களை விரித்து, எதையோ உதறுகிற மாதிரி. பிறகு என்னைக் காட்டினாள். கடைசியில் சின்னதாக இன்னொன்று, ஆள்காட்டி விரலில் ஒரு சுழற்சி. பக்கத்தில் படமும் போட்டிருக்கிறேன். கை வரையப் போய் ஸ்பேனர் மாதிரி வந்திருக்கிறது. வியாழக்கிழமை வகுப்பில் இதைக் காட்டி அர்த்தம் கேட்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கிற பெண் முதலில் என்ன கேட்பாள் என்று தெரியும். இதைச் சொல்லும்போது உங்கள் மகளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்பாள்.

விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.